லார்கோ என்று குறித்திருந்தால் எவ்வளவு மெதுவாக வாசிக்க வேண்டும்?

மேலை இசைத்தாளின் தொடக்கத்தில் காணப்படும் லார்கோ என்பது ‘அகலமான’ என்னும் பொருள் தரும் இத்தாலியச் சொல். ஆகவே அது மெதுவாக வாசிக்கச் சொல்வதோடு, ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் முழு நீளத்தையும் கொடுத்து, விரிந்த, கம்பீரமான நடையில் இசைக்கவும் கோருகிறது. தாள வேகத்தைச் சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவிகள் பலவற்றில் இதற்கு நிமிடத்துக்கு 40 முதல் 60 துடிப்புகள் வரை என்று பொறித்திருப்பார்கள். ஆனால் மெல்ட்சல் என்னும் ஜெர்மானியர் அக்கருவிக்குக் காப்புரிமை பெற்றது 1815ஆம் ஆண்டில்தான் என்பதால், அதற்கு முந்தைய பரோக் காலப் (சுமார் 1600–1750) படைப்புகளுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்துவது சரியாகாது என்பது என் கருத்து.

செக் இசையமைப்பாளர் துவோர்சாக் 1893இல் எழுதி முடித்த ‘புதிய உலகிலிருந்து’ சிம்பொனியின் இரண்டாம் பகுதி லார்கோவுக்கு நல்ல சான்று. அதில் இங்கிலிஷ் ஹார்ன் என்னும் ஊதுகருவி தனித்து இசைக்கும் மெட்டை விரைவுபடுத்தினால் அதன் அமைதி கலைந்துவிடும். அளவுமீறி இழுத்தாலோ ஊதுபவரின் மூச்சே தீர்ந்துவிடும்.

‘ஹேண்டலின் லார்கோ’ என்று உலகெங்கும் வழங்கும் பாடல், பரோக் கால இசையமைப்பாளரான ஹேண்டல் எழுதி 1738இல் லண்டனில் அரங்கேறிய செர்சே என்னும் ஓபெராவில் (இசை நாடகத்தில்) வருவது; அதற்கு அவர் இட்ட குறிப்போ லார்கெட்டோ, அதாவது லார்கோவைவிடச் சற்று விரைவானது. அப்பாடலைப் பலர் தேவைக்கு மேல் இழுத்து வாசிப்பதற்கு இந்தப் பெயர்க்குழப்பமும் ஒரு காரணமாக இருக்கலாம்.