கணினிக் கேள்வி, பதில்

கேள்வி: ஆச்சியின் சமையல் குறிப்புகளை வேர்ட்பிரஸ் தளத்தில் எழுதுகிறேன். பக்கத்தின் அடியில் வரும் 'ப்ரீவியஸ்', 'நெக்ஸ்ட்' இணைப்புகளைத் தமிழாக்க, தீம் (தளத்தின் தோற்றத்தைத் தரும் வார்ப்புரு) கோப்பையே திருத்தினேன். தீமைப் புதுப்பித்ததும் எல்லாம் போய்விட்டது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: நானும் இப்படி ஒருமுறை முழு இரவு வேலையை இழந்தவன், அம்மா. மூலத் தீமைத் தொடாதீர்கள். மூலத் தீமைச் சார்ந்து இயங்கும் துணைத் தீமான சைல்டு தீம் ஒன்று உருவாக்கி, அதன் ஃபங்ஷன்ஸ் கோப்பில் எழுதுங்கள். புதுப்பித்தாலும் அழியாது.

2022-இல் வந்த வேர்ட்பிரஸ் 6.1 பதிப்பிலிருந்து 'தி_போஸ்ட்ஸ்_பேஜினேஷன்_ஆர்க்ஸ்' (the_posts_pagination_args) என்ற ஃபில்டர் ஹூக் உண்டு. வேர்ட்பிரஸின் அமைப்புகளை நாம் இடைமறித்துத் திருத்த உதவும் கொக்கி அது. 'ஆட்_ஃபில்டர்' மூலம் உங்கள் ஃபங்ஷனை அதில் மாட்டுங்கள். வேர்ட்பிரஸ் தன் அமைப்புகளை ஒரு அர்ரேயாக (பெயரும் மதிப்புமான பட்டியலாக) உங்களிடம் நீட்டும். திருத்தி, 'ரிட்டர்ன்' கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அதை மறந்தால் ஒரு மாற்றமும் பலிக்காது.

சொற்களில் கவனம் தேவை. 'நெக்ஸ்ட்_டெக்ஸ்ட்' என்பதற்கு 'அடுத்தது' என்று போடாதீர்கள். வலைப்பதிவில் 2-ஆம் பக்கத்தில் இருப்பவை பழைய குறிப்புகள்தானே? 'பழைய குறிப்புகள்' என்றே எழுதுங்கள். 'ப்ரீவ்_டெக்ஸ்ட்'டுக்குப் 'புதிய குறிப்புகள்'. நடப்புப் பக்கத்தின் இருபுறமும் எத்தனை எண்கள் தெரிய வேண்டும் என்பதை 'மிட்_சைஸ்' தீர்மானிக்கும். கைபேசிக்கு 1 போதும்.

'ஸ்க்ரீன்_ரீடர்_டெக்ஸ்ட்'டையும் தமிழாக்குங்கள், தயவுசெய்து. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் வழியே பார்வையற்றோர் காதில் விழும் தலைப்பு அதுதான்.

உங்களுடையது பிளாக் தீம் (பக்கம் முழுவதையும் பிளாக்குகளாக அடுக்கும் புதுவகைத் தீம்) என்றால் இந்த ஹூக் உதவாது. தள எடிட்டரில் பக்க இணைப்பு பிளாக்கிலேயே சொற்களை மாற்றலாம்.