தொடர்ந்து வலைப்பதிவு எழுதுவது: கேள்வி பதில்

தினமும் எழுத வேண்டுமா?

வேண்டாம். வாரம் ஒரு நாள் போதும், ஆனால் அந்த நாள் மாறக் கூடாது. ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டால் புதன்கிழமையே மனம் விஷயம் தேட ஆரம்பித்துவிடும். பேருந்தில் காதில் விழுந்த பேச்சு, கடையில் ஏறிய பருப்பு விலை எல்லாம் அப்போதுதான் கவனத்தில் நிற்கும். தொடர்ந்து எழுதியதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இந்தக் கவனம்தான்.

என் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. எதை எழுதுவது?

ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர். போரும் அரசியலும் மட்டுமா எழுதினார்? கப்பல் வந்தது, வியாபாரம், ஊர்ப் பேச்சு எல்லாவற்றையும் எழுதினார். இன்று ஆய்வாளர்கள் அதையெல்லாம் வரி விடாமல் படிக்கிறார்கள். நீங்களும் தேதி, இடம், விலை மூன்றையும் விடாமல் போடுங்கள். "நேற்று நல்ல மழை" என்பது யாருக்கும் உதவாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் உங்கள் தெருவில் தண்ணீர் எத்தனை படி ஏறியது என்று எழுதியிருந்தால், அங்கே வீடு பார்ப்பவருக்கு இன்றும் அது வேண்டும்.

பிளாகரா, வேர்ட்பிரஸ்ஸா?

இரண்டுமே வலைப்பதிவு நடத்தும் தளங்கள், எதுவானாலும் சரி. இரண்டிலும் பதிவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. மாதம் ஒருமுறை பிரதி எடுங்கள். அந்தக் கோப்பில் படங்கள் வராமல் போகலாம், அவற்றைத் தனியாகச் சேமியுங்கள்.

விளம்பர வருமானம் வருமா?

அது என் துறை இல்லை. அனுபவப்பட்டவர்களைக் கேளுங்கள்.

ஃபேஸ்புக் இருக்கும்போது வலைப்பதிவு எதற்கு? அதன் காலம் முடிந்துவிட்டதே.

கூட்டம் குறைந்தது உண்மை. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகளில், அதாவது பலரின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தளங்களில், புதுப் பதிவு முகப்பிலேயே தெரியும், முன்பின் தெரியாதவர்களும் வந்து சண்டை போடுவார்கள். அந்தக் கலகலப்பு இப்போது இல்லை. ஆனால் ஃபேஸ்புக்கில் நீங்களே போன வருடம் எழுதியதைத் தேடிப் பாருங்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரியும். வலைப்பதிவில் வருடம், மாதம் வாரியாக அடுக்கியிருக்கும்.

படிப்பவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள்?

அங்கே பதிவின் சுட்டியை (லிங்க்) போடுங்கள். எழுத்து உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

பிளாகரும் கூகுளுடையதுதானே? அதையும் மூடலாமே?

மூடலாம். இலவசமாக இணையப் பக்கம் வைத்துக்கொள்ள உதவிய ஜியோசிட்டீஸை யாஹூ 2009இல் மூடியது. கூகுள் 2013இல் வலைப்பதிவுகளைத் தொகுத்துப் படிக்க உதவிய ரீடரையும், 2019இல் பொதுமக்களுக்கான சமூக வலைத்தளமான கூகுள் பிளஸையும் மூடியது. அதனால்தான் பிரதி, பிரதி என்கிறேன். வலைப்பதிவை முழுசாக இறக்கி வேறு தளத்தில் ஏற்றலாம், பழைய தேதிகளும் அப்படியே வரும். ஃபேஸ்புக்கிலிருந்தும் இறக்கலாம், ஆனால் அந்தக் குவியலிலிருந்து ஒரு கட்டுரையைப் பிரித்தெடுத்து வரிசையாக வைப்பது உங்கள் பாடு.

தினமும் எழுதினால்தானே வாசகர் வருவார்கள்?

முதல் பதிலைப் படியுங்கள்.

பின்னூட்டமே வருவதில்லை.

படிப்பவர்களில் பெரும்பாலோர் எதுவும் சொல்லாமல்தான் போவார்கள். எழுதுங்கள்.

பல மாதம் விட்டுப்போயிற்று. எப்படித் திரும்ப ஆரம்பிப்பது?

ஏன் எழுதவில்லை என்று விளக்கப் பதிவு போட வேண்டாம், யாரும் கணக்குக் கேட்கவில்லை. இந்த வாரம் பார்த்ததில் ஒன்றை எடுத்துத் தேதியோடு எழுதிப் போடுங்கள்.