மகள் பேர் செய்தியில் வர ஏஜென்ட் தேவையா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. சில வருடங்களாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள், கிளப் போட்டிகளில் பதக்கமும் வாங்கியிருக்கிறாள். ஆனால் இந்த விளையாட்டு டிவியில் வருவதே இல்லை. ஸ்பான்சர் கேட்டுப் போனால், "இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?" என்கிறார்கள். இப்போது ஊடக ஆலோசகர் என்று ஒருவர் வந்திருக்கிறார். பேட்டி, பத்திரிகைக் கட்டுரை, வெளிநாட்டில் ஒரு 'சர்வதேசப் போட்டி' எல்லாவற்றையும் ஒரே தொகைக்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். உலக அளவில் துப்பாக்கி சுடுதலுக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறதா? இவரை நம்பிப் பணம் கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்க வேண்டாம்.

மதிப்பு இருக்கிறதா என்றால், நிறையவே இருக்கிறது. ஆனால் அது ரேஞ்சில் இருக்கிறது, டிவியில் இல்லை. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸிலேயே துப்பாக்கி சுடுதல் இருந்தது. அதற்குப் பிறகு 1904, 1928 தவிர எல்லாக் கோடை ஒலிம்பிக்ஸிலும் இருந்திருக்கிறது. ஜெர்மனியின் சுடுதல் கூட்டமைப்பில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபெல்ட்ஷீசன் என்ற சுடுதல் விழாவில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கலந்துகொள்கிறார்கள். கவனியுங்கள், இவர்கள் எல்லோரும் சுடுகிறவர்கள். உட்கார்ந்து பார்க்கிறவர்கள் இல்லை. ஸ்பான்சர்கள் கேட்பதோ பார்க்கிறவர்களின் கணக்கை. உங்களுக்குச் சிக்கல் அங்கேதான்.

ஏன் பார்ப்பதில்லை என்பது உங்கள் மகள் சுடும் போட்டியிலேயே தெரியும். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர் அகலம், பேனா முனை வைத்த பொட்டு அளவு. தகுதிச் சுற்றில் 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஆள் அசையக் கூடாது. எவ்வளவு நன்றாகச் சுடுகிறாளோ, அவ்வளவு குறைவாகத்தான் பார்ப்பவர் கண்ணுக்கு ஏதாவது தெரியும். கேமராக்காரர் என்னதான் செய்வார்?

பயத்லானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பனிச்சறுக்கு ஓடி வந்து, மூச்சு வாங்க வாங்க, 50 மீட்டர் தூரத்தில் ஐந்து கறுப்பு வட்டங்களைச் சுட வேண்டும். பட்டால் வட்டம் வெள்ளையாகிவிடும். வழக்கமான பந்தயங்களில் தவறவிட்ட ஒவ்வொன்றுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஓட வேண்டும். விதி தெரியாதவருக்குக்கூட யார் மாட்டிக்கொண்டார் என்று புரிகிறது. ஜெர்மனியிலும் நார்வேயிலும் குளிர்காலத்தில் அதை வீட்டோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

நம் விளையாட்டை நடத்துகிறவர்களும் டிவிக்காக ஏதேதோ செய்து பார்த்துவிட்டார்கள். 2013இல் இறுதிச் சுற்றுக்கு வந்த எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொருவராக வெளியேறும் முறை வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு ஆண்களின் 50 மீட்டர் ப்ரோன் (படுத்தபடி ரைஃபிள் சுடுவது), 50 மீட்டர் பிஸ்டல், டபுள் ட்ராப் (பறக்கும் இரண்டு தட்டுகளைச் சுடுவது) மூன்றையும் எடுத்துவிட்டு, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து சுடும் கலப்பு அணிப் போட்டிகளைக் கொண்டுவந்தார்கள். பெண்களுக்கும் சம இடம் என்பது நல்ல காரணம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பார்ப்பவர் ஒரு விதியைப் புரிந்துகொள்வதற்குள் அடுத்த விதி வந்து நின்றால் யார் கூடவே வருவார்கள்? பாரிஸ் ஒலிம்பிக்ஸில் சுடுதல் நடந்தது பாரிஸிலேயே இல்லை, சுமார் 270 கிலோமீட்டர் தள்ளி ஷாத்தோரூவில். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிகளில் விளையாட்டையே காணோம். செய்தியில் ஏன் வருவதில்லை என்று அப்புறம் நம்மிடம் கேட்கிறார்கள்.

செய்தியில் வரும் நாள் ஒன்று உண்டு. 2000 சிட்னியிலிருந்து 2024 பாரிஸ் வரை ஒவ்வொரு ஒலிம்பிக்ஸிலும் முதல் தங்கம் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான் முடிவானது. அன்று ஒரு நாள் உலகம் முழுக்கப் படம் போடுவார்கள். மறுநாள் நீச்சல் வந்துவிடும்.

"அந்தத் துருக்கிக்காரர் ஒரே நாளில் பிரபலமானாரே?" என்று உங்கள் ஆலோசகர் நிச்சயம் சொல்வார். எல்லா ஏஜென்ட்களும் அதைத்தான் சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம். யூசுஃப் டிகேச் பாரிஸில் கலப்பு அணி ஏர் பிஸ்டலில் வெள்ளி வாங்கினார். சாதாரண டி-ஷர்ட், சாதாரண மூக்குக்கண்ணாடி, ஒரு கை பேன்ட் பாக்கெட்டில். அந்தப் படம் உலகம் சுற்றியது. பாக்கெட்டில் கை வைத்தது ஸ்டைலுக்கு என்று பலரும் நினைத்தார்கள். பிஸ்டல் சுடுகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நிற்பார்கள். சும்மா இருக்கும் கை ஆடினால் உடம்பு ஆடும், அதனால் அதைப் பாக்கெட்டிலோ இடுப்புப் பட்டையிலோ செருகிவிடுவார்கள். அப்போது அவருக்கு வயது 51, அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக்ஸ். 2008 பெய்ஜிங்கிலிருந்து போய்க்கொண்டிருந்த மனிதரை உலகம் 2024இல்தான் பார்த்தது. கூட்டாளி ஷெவ்வால் இலாய்தா தர்ஹானும் அதே வெள்ளியைத்தான் வாங்கினார். அவர் பேரை எத்தனை பேர் சொன்னார்கள்?

தென்கொரியாவின் கிம் யெஜியைப் பாருங்கள். 2024 மே மாதம் பாக்கு உலகக் கோப்பையில் உலக சாதனை செய்தார். அந்த வீடியோ கோடிக்கணக்கான பேரிடம் போய்ச் சேர்ந்தது, ஆனால் பெரும்பாலும் இரண்டு மாதம் கழித்து, பாரிஸில் 10 மீட்டர் பிஸ்டலில் வெள்ளி வாங்கிய பிறகு. அந்தப் போட்டியில் தங்கம் வாங்கியது அதே நாட்டின் ஓ யெஜின். வெள்ளிக்குத்தான் கூட்டம் கூடியது. சில நாளில் 25 மீட்டர் பிஸ்டலில் கிம் ஒரு குண்டை நேரம் கடந்து சுட்டார். அந்தக் குண்டுக்குப் பூஜ்யம், இறுதிச் சுற்றும் போயிற்று. பிரபலம் அந்த ஒரு குண்டைக் காப்பாற்றவில்லை. இந்த இரண்டு பேரையும் எந்த ஏஜென்ட்டும் பிரபலமாக்கவில்லை. இதைத் திட்டம் போட்டு நடத்தித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார்.

சரி, உங்கள் ஆலோசகர் எதை விற்கிறார்? 'பத்திரிகைக் கட்டுரை' என்பது பெரும்பாலும் காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இணையதளத்தில் வரும். கீழே சின்ன எழுத்தில் விளம்பரம் என்று இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. அணித் தேர்வாளர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. அதைவிட ஆபத்தானது அந்த 'சர்வதேசப் போட்டி'. இப்படி ஒன்றின் முடிவுப் பட்டியலைப் பார்த்திருக்கிறேன். வயதுப் பிரிவை நறுக்கி நறுக்கி, ஒரு பிரிவில் மூன்றே பேர். மூன்று பேருக்கும் பதக்கம். வீட்டுக்கு வந்ததும் 'சர்வதேச வெண்கலம்'. அந்தப் பிள்ளை கடைசி இடம் வந்தது என்று பெற்றோருக்குத் தெரியவே தெரியாது.

உண்மையான உலகக் கோப்பைக்கோ ஜூனியர் உலகக் கோப்பைக்கோ தனி ஆள் பணம் கட்டிப் பேர் கொடுக்க முடியாது. தேசியக் கூட்டமைப்புதான் பேர் அனுப்ப வேண்டும். நாட்காட்டி சர்வதேசக் கூட்டமைப்பின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. முடிவுகளும் அப்படியே, யார் எந்தப் பத்துக் குண்டுகளில் எவ்வளவு எடுத்தார் என்பது வரை. அந்தப் பட்டியலில் இல்லாத 'சர்வதேசப் போட்டி' உங்கள் மகளுக்கு வேண்டாம்.

ஸ்பான்சரிடம் பேசும்போது டிவி பேச்சை எடுக்காதீர்கள். அங்கே நீங்கள் ஜெயிக்க முடியாது. அங்கீகாரம் உள்ள போட்டிகளின் ஸ்கோரை மட்டும் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். ஏர் ரைஃபிளில் நட்ட நடுவில் பட்டால் ஒரு குண்டுக்கு 10.9, அதனால் 60 குண்டுக்கு அதிகபட்சம் 654. எங்கிருந்து எங்கே வந்திருக்கிறாள் என்பது அந்த எண்களிலேயே தெரியும். பணமாகக் கேட்பதைவிட சுடும்போது போடும் ஜாக்கெட், பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) என்று பொருளாகக் கேட்டால் சின்ன நிறுவனங்கள்கூட யோசிக்கும். அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ரைஃபிளுக்கு உதவித்தொகை உண்டு, அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்தே போட்டியிடுகிறார்கள். 2016 ரியோவின் முதல் தங்கத்தை வென்ற வர்ஜினியா த்ராஷர் அப்படி ஒரு கல்லூரி அணியில் இருந்தவர்தான். அந்தப் பயிற்சியாளர்கள் கேட்பதும் ஸ்கோர்தான், பேட்டி இல்லை.

படம் எடுக்கும்போது ஒரு விஷயம். விவரம் தெரியாத புகைப்படக்காரர், "துப்பாக்கியை கேமராவைப் பார்த்துப் பிடிம்மா" என்பார். எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. ரேஞ்சில் அப்படிச் செய்தால் போட்டியிலிருந்தே வெளியேற்றுவார்கள். விரல் ட்ரிகரில் இருக்கக் கூடாது, குழலில் பளிச்சென்ற பாதுகாப்பு நாடா செருகியிருக்க வேண்டும். விவரம் தெரிந்தவர் படத்தில் முதலில் தேடுவது அந்த நாடாவைத்தான். எடுத்த படத்தை நீங்களே பத்திரிகைக்கு அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ரைஃபிள் செய்திக்குக் கைத்துப்பாக்கிப் படத்தைப் போடுவார்கள். இத்தனை வருடத்தில் அவர்கள் திருந்துவார்கள் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது.

உள்ளூர்ச் செய்தியாளருக்கு ஏஜென்ட் தேவையில்லை. போட்டி முடிந்த அன்று மாலையே பேர், வயது, போட்டி, ஸ்கோர், இடம், எத்தனை பேரில் என்ற விவரத்தையும் அந்தப் படத்தையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். நான்கு வரிதான் வரும். அது போதும்.

ஆலோசகர் மறுபடி கூப்பிட்டால், அந்தப் போட்டி எந்தக் கூட்டமைப்பின் நாட்காட்டியில் இருக்கிறது, போன முறை உங்கள் மகளின் பிரிவில் எத்தனை பேர் சுட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம்.