ஒட்டுப்போட்ட இசையா?

வணக்கம் ஐயா. இங்கிலாந்து ரொக் குழுவான மூடி ப்ளூஸின் 'டேய்ஸ் ஒஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' (1967) தொகுப்பைப் போன கிழமைதான் முழுதாகக் கேட்டேன். பாட்டு ஒரு பக்கம், ஓர்கெஸ்ட்ரா ஒரு பக்கம். இரண்டையும் தனித்தனியாகப் பதிந்தார்களாம். இது வெறும் ஒட்டுவேலைதானே? ஏன் இவ்வளவு புகழுகிறார்கள்?
- ஒரு வாசகர், கொக்குவில்

அன்புள்ள தம்பி,

உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. குழு தன் பாட்டுகளைத் தனியாகப் பதிந்தது, இசை நடத்துநர் பீற்றர் நைட் அந்த மெட்டுகளை வைத்து இடையிசை எழுதி லண்டன் ஃபெஸ்டிவல் ஓர்கெஸ்ட்ராவோடு தனியாகப் பதிந்தார், பிறகு இரண்டையும் நாடாவில் கோர்த்தார்கள். ஆனால் 'நைட்ஸ் இன் வைட் சற்றின்' பாடும்போது குரலுக்குப் பின்னால் எழும்பி வருகிறதே ஒரு வயலின் கூட்டம், அது யார் என்று நினைத்தீர்கள்? குழுவின் மைக் பின்டர் வாசித்த மெலோட்ரோன், கீபோட் மாதிரி ஒரு கருவி. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு நாடாத் துண்டு, அதில் நிஜ வயலின் ஓசை. அழுத்தினால் எட்டு விநாடி ஓடும், அதோடு நாடா தீர்ந்துவிடும். பல கட்டைகளை ஒன்றாக அழுத்தினால் மோட்டர் திணறிச் சுருதி கொஞ்சம் இறங்கும்.

அந்தத் திணறல் எனக்கு நல்ல பழக்கம். 1992இல், போர்க்காலத்தில், இங்கே யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. விறாந்தையில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து அண்ணா கசெற் போடுவார். இந்தத் தொகுப்பை முதன்முதலில் அப்படித்தான் கேட்டேன். கை களைத்தால் குரல் இழுபட்டுக் கீழே போகும், "சுத்தடா!" என்று அண்ணா கத்துவார், வேகமாகச் சுற்றினால் வயலின்கள் திரும்ப மேலே ஏறும். பல வருடம் கழித்து மெலோட்ரோனைப் பற்றி வாசித்தபோதுதான் அந்த ஆட்டம் எல்லாமே என் கையால் வந்ததில்லை என்று விளங்கியது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பீற்றர் நைட்டின் இடையிசை சில இடங்களில், முக்கியமாகக் காலைப் பகுதியில், பழைய படத்து இசை மாதிரி இனிப்புக் கூடித்தான் போய்விட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தொகுப்பின் கரு, விடியலில் தொடங்கி இரவில் முடிகிற ஒரே ஒரு நாள். வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று பொழுதுகளைப் பிரித்து அவற்றைத் திணைகளோடு சேர்த்துப் படித்த நமக்கு இது புதிதே இல்லை. அங்கே பொழுதை நகர்த்துவது ஓர்கெஸ்ட்ரா. அந்தப் பொழுதில் ஒரு மனிசன் மனதில் என்ன ஓடுகிறது என்பதைச் சொல்வது பாட்டு. எல்லா இடத்திலும் ஒன்றாக வாசித்திருந்தால், வானம் எது, அதற்குக் கீழே நிற்கிற ஆள் எது என்று தெரியாமல் போயிருக்கும். அதனால்தான் அந்த ஒட்டு எனக்குப் பிடிக்கும்.

கடைசிப் பாட்டின் முடிவை மட்டும் இன்னொருதரம் கேளுங்கள், இரவில், ஹெட்ஃபோன் போட்டு. குழு ஓய்கிற இடத்தில் நிஜ ஓர்கெஸ்ட்ரா வந்து வாங்கிக்கொள்ளும், பிறகு கவிதை வாசிப்பு, கடைசியில் சேமக்கலம் மாதிரி ஒரு கொங் அடி. எந்த வயலின் நாடாவில் இருந்தது, எது ஆட்கள் வாசித்தது என்று பிரிக்க முடிகிறதா பாருங்கள். பிரித்தால் எனக்கு எழுதுங்கள்.