அப்பாவும் ராமலிங்க ராஜுவும் ஒண்ணா? – வாசகர் கடிதம்

வணக்கம் அண்ணா,

நான் குடியாத்தத்துலேந்து எழுதறேன், பேர் போட வேணாம். அப்பா ஆர்மில ஹவில்தாரா இருந்து ரிட்டையர் ஆனவரு. 2021-ல 6 லட்சத்த ஒரு பைனான்ஸ் கம்பெனில போட்டாரு, லட்சத்துக்கு மாசம் 8 ஆயிரம்னு சொன்னாங்க. ஏழெட்டு மாசம் கரெக்டா வந்தது. அத நம்பி எங்க சித்தியையும் அவர்கூட சர்வீஸ்ல இருந்த ஒருத்தரையும் சேத்து விட்டாரு, கமிஷனும் வாங்கினாரு. 2022-ல எல்லாம் நின்னு போச்சு. சொந்தக்காரங்க எல்லாம் "பேராசைப்பட்டான், அனுபவிக்கிறான்"றாங்க, சித்தி பேசறதையே நிறுத்திட்டாங்க. ஏஜென்ட் பேச்ச கேட்டு இன்னும் புகார் குடுக்கல. கணக்குல மோசடி பண்ணாங்களே அந்த சத்யம் சாப்ட்வேர் கம்பெனி, அதோட சேர்மன் ராமலிங்க ராஜு, அவங்கள பத்தி நீங்க எழுதினதுல இதுக்கெல்லாம் மூலம் பேராசைன்னு எழுதியிருந்தீங்க. எங்க அப்பாவும் ராமலிங்க ராஜுவும் ஒண்ணா அண்ணா? நாங்க இப்ப என்ன செய்யறது?

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஒண்ணு இல்ல. நான் பேராசைன்னு எழுதினது கணக்கு எழுதற இடத்துல உக்காந்திருந்தவங்கள பத்தி. கணக்க நம்பி பணம் குடுத்தவங்க மேல அந்த வார்த்தைய தூக்கிப் போடறத நான் ஒத்துக்க மாட்டேன்.

சத்யத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 2009 ஜனவரி 7-ந்தேதி ராஜு தன் போர்டுக்கு ஒரு லெட்டர் எழுதினாரு. பேங்க்ல 5361 கோடி இருக்குன்னு புக்ல காட்டியிருந்தாங்களே, அதுல 5040 கோடி கிடையவே கிடையாதுன்னு அதுல அவரே சொல்றாரு. பல வருஷமா இல்லாத லாபத்த இருக்கறதா காட்டினதோட பலன் அது. ஏழாயிரத்துக்கு மேல பொய் இன்வாய்ஸ், பொய்யான பேங்க் டெபாசிட் ரசீதுன்னு அப்புறம் விசாரணைல ஒவ்வொண்ணா வந்துச்சு. அந்த லெட்டர்ல ஒரு வரி ரொம்ப பிரபலம், புலி மேல சவாரி பண்ற மாதிரி இருந்துச்சு, அது நம்மள தின்னாம எப்படி கீழ இறங்கறதுன்னு தெரியலன்னு. படிச்சா அய்யோ பாவம்னு தோணும், மனுஷன் ஏதோ மாட்டிக்கினாரு போலன்னு. எனக்கு அப்படி தோணல. ஏன்னா அதுக்கு மூணு வாரம் முன்னாடிதான், 2008 டிசம்பர்ல, தன் குடும்பத்துக்காரங்க நடத்தின மெய்டாஸ்னு ரியல் எஸ்டேட், கட்டுமானக் கம்பெனிங்க ரெண்டையும் 160 கோடி டாலருக்கு சத்யமே வாங்கப்போவுதுன்னு அறிவிச்சாங்க. இல்லாத பணத்த அந்த நிலத்தையும் சொத்தையும் வச்சு அடைச்சுடலாம்னு திட்டம், அதையும் அதே லெட்டர்ல அவரே எழுதியிருக்காரு. ஷேர் வச்சிருந்தவங்க கொந்தளிச்சதாலதான் சில மணி நேரத்துலயே வாபஸ் வாங்கினாங்க. கீழ இறங்க வழி தேடினவர் பண்ற வேலையா இது? கடைசி நிமிஷம் வரைக்கும் அடுத்தவன் தலைல கட்டப் பார்த்த வேலை.

இன்னொண்ணும் கவனிங்க. மெய்டாஸ வாங்கலாம்னு தலையாட்டின அந்த போர்டுல ஹார்வர்டு புரொபசர் ஒருத்தர் இருந்தாரு, ஐஎஸ்பின்ற பெரிய பிசினஸ் காலேஜோட டீன் இருந்தாரு. ஆடிட் பண்ணது உலகத்துல நாலே நாலு பெரிய ஆடிட் கம்பெனில ஒண்ணோட இந்தியக் கிளை. கம்பெனிய ஒழுங்கா நிர்வாகம் பண்றாங்கன்னு அதுக்கு சில மாசம் முன்னாடிதான் அவார்டு வேற குடுத்திருந்தாங்க. இவ்ளோ பேர் கண்ணுக்குத் தெரியல, ஹவில்தார் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு உங்க சொந்தக்காரங்க எந்த நியாயத்துல சொல்றாங்க? 2015 ஏப்ரல்ல ராஜுவுக்கு 7 வருஷம் தண்டனை குடுத்தாங்க, அடுத்த மாசமே தண்டனைய நிறுத்தி வச்சு ஜாமீன்ல வந்துட்டாரு. உங்க அப்பா பாருங்க, எந்தக் கோர்ட்டும் சொல்லாத தண்டனைய வீட்டுக்குள்ளயே அனுபவிச்சுக்கினு இருக்காரு.

நம்ம ஊர் கதைக்கு வரேன். லட்சத்துக்கு மாசம் 8 ஆயிரம்னா 12 மாசத்துல 96 ஆயிரம். அதாவது கம்பெனிக்காரன் ஒரு தொழிலும் பண்ண வேணாம், உங்க அப்பா குடுத்த லட்சத்தையே பிச்சு பிச்சு அவருக்கே ஒரு வருஷம் குடுக்கலாம், அப்பவும் 4 ஆயிரம் மிச்சம் இருக்கும். அந்த ஒரு வருஷம் அவனுக்கு எதுக்குன்னா, மாசம் பொறந்தா பணம் வருதுன்னு உங்க அப்பா நாலு பேர்கிட்ட சொல்றதுக்குத்தான். மிலிட்டரிக்காரர், பொய் சொல்ல மாட்டாருன்னு ஊர்ல அவருக்கு இருந்த பேரு இருக்கே, கம்பெனிக்கு வேண்டியது அதுதான். 6 லட்சத்த விட அத எடுத்துக்கினு போனதுதான் எனக்கு ஆத்திரமா வருது.

அந்த நேரத்தையும் நினைச்சுப் பாருங்க. கொரோனா, பேங்க்ல எஃப்டி போட்டா வருஷத்துக்கே 5 சதவீதம் சொச்சம்தான், ஆம்பூர் ராணிப்பேட்டை பக்கம் லெதர் வேலை பாதி நாள் இல்ல, வீட்டுக்கு வீடு ஆஸ்பத்திரி செலவு. அப்ப தெரிஞ்ச பையன் ஒருத்தன் வீட்டுத் திண்ணைல உக்காந்து "இன்னா மாமா, பேங்க்ல போட்டு இன்னா ஆவப்போவுது, நானே போட்டுக்கினு இருக்கேன், இதோ பாரு மெசேஜு"ன்னு போன காட்டினா யாரா இருந்தாலும் மனசு அசையும். இதே மாதிரி கவுந்த ஆருத்ரா பைனான்ஸ் கம்பெனி கேஸ்ல மாசம் 25, 30 சதவீதம்னு சொல்லி லட்சம் பேருக்கு மேல 2438 கோடி வாங்கினதா போலீஸ் சொல்லுது. காட்பாடில இருந்த எல்என்எஸ் ஐஎஃப்எஸ்ன்ற இன்னொரு பைனான்ஸ் கம்பெனி கேஸ்ல ஏறக்குறைய 84 ஆயிரம் பேரு, 6000 கோடிக்குக் கிட்டன்றாங்க. இத்தன ஆயிரம் பேரும் ஒரே நேரத்துல பேராசை பிடிச்சு அலைஞ்சாங்கன்னு என்னால நம்ப முடியல.

புகார் குடுக்க வந்தவங்கள நான் பார்த்திருக்கேன். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனில வேலை செய்யற ஒரு அம்மா, கம்பெனி குடுத்த பாண்டு பேப்பர லேமினேட் பண்ணி மஞ்சப்பைல வச்சிருந்தாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்து வச்ச நகைய அடமானம் வச்சுப் போட்ட பணமாம். பேப்பர் நனைஞ்சிடக் கூடாதுன்னு அவ்ளோ பத்திரம். எழுதினவன் ஒரு நிமிஷம் கூட மதிக்காத பேப்பர் அது.

சரி, இனி கஷ்டமான பேச்சு. அப்பாவ யாரும் ஏமாளி, பேராசைக்காரன்னு சொல்லக் கூடாதுன்னேன், ஆனா சித்தி விஷயத்துல அவருக்குப் பொறுப்பே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். கெட்ட எண்ணத்துல சேக்கலதான், ஆனா சேத்ததுக்கு காசு வாங்கியிருக்காரு. வட்டி வேற, கமிஷன் வேற. வட்டின்னு வந்தது அவர் பணம்தான். கமிஷன்னு வந்தது சித்தி போட்ட பணத்துலேந்து எடுத்தது. சித்தி பேசாததுக்கு காரணம் இதுவாத்தான் இருக்கும், பணம் போனத விட.

ஏஜென்ட் ஏன் புகார் வேணாம்றான்னா கேஸ் வந்தா முதல்ல அவன் பேர்தான் வரும். ஓனர் வெளிநாட்டுலேந்து வரப்போறாரு, எல்லாருக்கும் செட்டில் பண்ணுவாரு, கேஸ் போட்டவனுக்கு மட்டும் கிடைக்காதுன்னு வாட்ஸப்ல வாய்ஸ் வரும், நம்பாதீங்க. 90-கள்ல தமிழ்நாட்டுல பைனான்ஸ் கம்பெனிங்க வரிசையா கவுந்தப்ப கொண்டு வந்ததுதான் 1997-ம் வருஷத்து முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், டிஎன்பிஐடின்னு சொல்வாங்க. கம்பெனி சொத்து, ஓனருங்க சொத்து எல்லாத்தையும் முடக்கி, ஏலம் விட்டு, பணம் போட்டவங்களுக்கு விகிதப்படி பிரிச்சுக் குடுக்க அதுல வழி இருக்கு. சுப்ரீம் கோர்ட்டும் 2011-ல அது செல்லும்னு சொல்லிடுச்சு. வருஷக் கணக்குல இழுக்கும், முழுசா வராது, அத உங்ககிட்ட மறைக்க மாட்டேன். ஆனா புகார் குடுத்தவங்க பட்டியல்ல பேர் இல்லாதவங்களுக்குப் பங்கு கேக்கறது ரொம்பக் கஷ்டம். அதனால பொருளாதாரக் குற்றப்பிரிவுல புகார் குடுங்க, பாண்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸப் மெசேஜ், ஒண்ணத்தையும் அழிக்காதீங்க.

அதுக்கு முன்னாடி ஒரு வக்கீலப் பாத்துடுங்க. அனுமதி இல்லாம டெபாசிட் வாங்கறத தடை பண்ற 2019 மத்திய சட்டத்துல ஆள் சேத்து விடறதும் குற்றம், கமிஷன் வாங்கினத மறைச்சுட்டு புகார் குடுத்தா அப்பாவுக்கே அது சிக்கலாவும். இருக்கறத இருக்கற மாதிரியே எழுதிக் குடுக்கட்டும்.

சித்தி வீட்டுக்கு நீங்க தூது போகாதீங்க, அப்பாவே போகட்டும். கமிஷன் எவ்ளோ வந்துச்சோ ஸ்டேட்மென்ட்ட பாத்துக் கூட்டி, அந்தப் பணத்த கைல எடுத்துக்கினு போகட்டும், மொத்தமா இல்லன்னா பென்ஷன்லேந்து மாசா மாசம் இவ்ளோன்னு சொல்லட்டும். அந்த சர்வீஸ்காரருக்கும் அதேதான். ரெண்டு பேரும் ஒத்துக்கினா மூணு பேருமா ஒரே நாள்ல போய் புகார் குடுத்துட்டு வாங்க.