நீர் ஒட்டாத துணியும் வயிற்றுக் குழந்தையும்

கேள்வி: நான்கு மாதக் கர்ப்பிணி நான். கறைபடியாத துணிகளில் உள்ள வேதிப்பொருள்கள் குழந்தையின் நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்குமா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது, சகோதரி. நீர்த்துளி முத்தாக உருண்டோடும் துணிகளிலும் எண்ணெய் ஊறாத காகித உறைகளிலும் பயன்பட்டுவந்த, பிஎஃப்ஏஎஸ் (PFAS) எனப்படும் ஃபுளோரின் கலந்த செயற்கை வேதிப்பொருள்களுள் சில, உடலில் பல ஆண்டுகள் தங்குவதோடு, நஞ்சுக்கொடியைக் கடந்து கருவையும் அடைகின்றன. வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், இவை இரத்தத்தில் மிகுந்திருந்த குழந்தைகளிடம், டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசிகளால் உருவாகும் எதிர்ப்பொருள்கள் குறைவாகவே காணப்பட்டன. இத்தகைய பாதிப்பைக் கருதியே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல், பிஎஃப்ஏஎஸ் பொருள்களுள் நான்கு வகைகளுக்குச் சேர்த்து, உட்கொள்ளும் அளவுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 4.4 நானோகிராம் என வரம்பு வகுத்தது. அதற்காகத் தடுப்பூசியைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். எதிர்ப்பாற்றல் சற்றே குறைந்தாலும் பாதுகாப்பு தடுப்பூசிதான். கறைதடுப்புத் தெளிப்பான்களைப் பிரசவம்வரையாவது வீட்டில் பயன்படுத்த வேண்டாம்.