இன்ஜின் இல்லாத காலத்துக் கிரேன்கள் டன் கணக்கில் எப்படித் தூக்கின? பிறகு உண்மையில் என்னதான் மாறியது?

தூக்குவது பழங்காலத்திலேயே தீர்ந்துபோன சிக்கல். தூக்கியதை அந்தரத்தில் நிறுத்துவதும், பத்திரமாக இறக்குவதும்தான் நெடுங்காலம் இழுத்தடித்தன.

கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்கக் கோயில் கற்களில் இடுக்கி பிடித்த குழிகள் தென்படத் தொடங்குகின்றன. சாய்தளத்தில் இழுப்பதை விட்டுக் கயிற்றில் தூக்கியதற்கு அதுவே தடயம். ரோமானியர்களின் சிறிய கிரேனில் மூன்று கப்பிகள். உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், 50 கிலோ இழுத்தால் 150 கிலோ எழும். ஆனால் கல் 1 மீட்டர் ஏற 3 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். கப்பிகளைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. ஒவ்வொன்றிலும் உராய்வு ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இதற்கு ரோமானியர்கள் கண்ட வழி, ஆள் உள்ளே நடக்கும் மிதிசக்கரம். சக்கரத்தின் விட்டம் 4 மீட்டர், கயிறு சுற்றும் உருளை 40 செ.மீ. என்று வையுங்கள்: பத்து மடங்கு. உள்ளே நிற்பவர் அடிமட்டத்தில் நின்றால் ஒன்றும் நடக்காது. 30 டிகிரி ஏறி நின்றால் அவர் எடையில் பாதி வேலை செய்யும். 70 கிலோ ஆள் என்றால் 35, பத்து மடங்கில் 350 கிலோ. கப்பியே சேர்க்காமல்! போலந்தின் க்தான்ஸ்க் துறைமுகத்தில் 1442–44இல் எழுந்த மரக்கிரேன், இதே முறையில் 4 டன்னை 11 மீட்டர் உயரத்துக்கு ஏற்றியது.

ஆபத்து இறக்கும்போதுதான். இடைக்கால மிதிசக்கரங்கள் பலவற்றில் பிரேக்கோ, பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ராட்செட் பல்சக்கரமோ கிடையாது. மர அச்சின் உராய்வே பிரேக். சுமை மிஞ்சினால் சக்கரம் பின்னோக்கிச் சுழன்று உள்ளே இருப்பவர்களைத் தூக்கி அடிக்கும்.

1846இல் நியூகாசில் துறைமுகத்தில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் நிறுவிய நீரழுத்தக் கிரேனை நான் பெரிய திருப்பமாகச் சொல்வது இதனால்தான். நகரக் குடிநீர்க் குழாயின் அழுத்தமே பிஸ்டனைத் தள்ளியது. பிஸ்டன் கொஞ்ச தூரமே நகரும். கப்பிகளைத் தலைகீழாகப் பயன்படுத்தி அந்த நகர்வைக் கொக்கியில் பல மடங்காக்கினார். வால்வை மூடினால் நீர் அமுங்காது, சுமை அப்படியே நிற்கும். மெல்லத் திறந்தால் மெல்ல இறங்கும்.

கயிற்றின் கதை தனி. சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போச்சு. முன்னெச்சரிக்கையும் பெரும்பாலும் இருக்காது. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் சுரங்கங்களில் இதையே பார்த்துச் சலித்த வில்ஹெல்ம் ஆல்பர்ட், 1834இல் இரும்புக் கம்பிகளை முறுக்கி வயர் ரோப் செய்தார்: மூன்று புரி, புரிக்கு நான்கு கம்பி. ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும், அறுந்தது வெளியே துருத்திக்கொண்டு காட்டிக்கொடுக்கும். இன்றும் அறுந்த கம்பிகளை எண்ணித்தான் ரோப்பைக் கழிக்கிறார்கள். (உள்ளே பிடிக்கும் துருதான் கண்ணில் படாத வில்லன்.)

மிச்சமிருப்பது கவிழ்வது. கிரேனின் நீண்ட கையான ‘பூம்’ (boom) எடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கிரேனிலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 5 டன் என்பதும் 10 மீட்டரில் 2 டன் என்பதும் கிரேனுக்கு ஒன்றே: 20 டன்-மீட்டர். நிஜத்தில் பூமும் சேர்ந்து சாய்க்கும் என்பதால் 10 மீட்டரில் 2 டன்கூடக் கிடைக்காது. ஆகவே “இது எத்தனை டன் கிரேன்?” என்று மட்டும் கேட்டுச் சுமையை மாட்டாதீர்கள், கேபினில் ஒட்டியிருக்கும் லோடு சார்ட்டில் அந்தத் தூரத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.